சாவி கல்லறைக்குப் போன நாள்

26 மே 2008

டாக்டர் ஒதீலியா செர்னேய் அவர்களுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். போனை எடுக்காமல் இருக்கலாம், தபால்காரர் கையில் திணித்துவிட்டுப் போகும் கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன்.

நான் யாரென்று மறந்திருந்தால் சொல்கிறேன். உங்களுக்கு மறதி கூடிவிட்டதாகக் கேள்வி. நிஸ்த்ரு ஆற்றங்கரையில் இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரி, அறுவைச் சிகிச்சை வார்டு, தலைமை நர்ஸ் அக்ரிபினா போஸ்தான். பிப்ரவரியில் தலைநகர் கிஷினாவிலிருந்து வந்து ஐந்து நாள் வகுப்பு எடுத்தீர்களே, ஆபரேஷன் ஆனவர்களின் வலியை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது என்று. அதில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வியாகக் கேட்ட பொம்பளை.

வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டு உங்கள் பதிலைப் படித்துக் காட்டியது. "மே ஐந்தாம் தேதி நர்ஸ் போஸ்தான் தொலைபேசியில் அழைத்தது உண்மை. பொதுவான ஆலோசனை மட்டுமே வழங்கினேன். மருந்தின் அளவைக் குறிப்பிட்டதாக நினைவில்லை." கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று கேட்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

நினைவில்லாதவர்களுக்காக அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தியோஃபில் காஷு, ஐம்பத்தெட்டு வயது, அக்ரூட் வியாபாரி. குடலில் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை லுப்பு டாக்டர் வயிற்றைத் திறந்து தைத்தார். மறுநாள் திங்கள், கல்லறை ஈஸ்டர். ஊரில் உயிரோடு இருக்கிற எல்லோரும் செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடப் போய்விட்டார்கள். ட்யூட்டி டாக்டர் லுப்புவும் போனார். மார்பின் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி அவர் கோட்டுப் பையில் போனது.

ஒரு மணி இருக்கும். காஷுவின் மனைவி சாவெட்டா வந்து என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், இவரு மூச்ச முழுசா விடவே மாட்டேங்கறாரு. வந்து பாருங்க."

போனேன். "எப்படி இருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்ல, தாங்கிக்கலாம்" என்றார். நம் ஊர் ஆம்பளைகள் காலை வெட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள். படுத்திருப்பவரிடம் கேட்காதே, இருமச் சொல்லிவிட்டு முகத்தைப் பார் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. தலையணையை வயிற்றில் அணைத்துக் கொடுத்து இருமச் சொன்னேன். அவர் இருமவில்லை. பாதி மூச்சிலேயே நிறுத்தித் தலையணை முனையைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பத்துக்கு எத்தனை?"

"எட்டு. வெளிய சொல்லாதீங்க."

இருமாதவன் நெஞ்சில் சளி கட்டும், சளி கட்டினால் நுரையீரல் போகும் என்று பலகையில் படம் போட்டதும் நீங்கள்தான். நர்ஸ் சினாயிதாவை வார்டில் நிறுத்திவிட்டு, வெள்ளைக் கோட்டோடு கல்லறைக்கு ஓடினேன். அங்கே வழக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். செத்தவர் பேரைச் சொல்லிக் கொடுப்பதை வாங்காமல் போகக் கூடாது. "எங்க அம்மா ஆத்மாவுக்கு", "எங்க பெட்ரியாவுக்கு" என்று வழியெல்லாம் மறித்தார்கள். லுப்பு டாக்டரின் முன்னால் போய் நின்றபோது என் கையில் மூன்று வளைய ரொட்டியும் ஒரு மண்குவளையும் இருந்தன.

"ஒரு நாளாவது செத்தவங்களோட நிம்மதியா உக்கார விடறீங்களா?" என்றார். மூக்கு சிவந்திருந்தது. சாவியை எடுத்து ரொட்டியின் மேலேயே வைத்தார். "போ. என்ன குடுக்கணும்னு உன் கிஷினாவ் டாக்டரம்மாவையே கேட்டுக்கோ. அவங்கதானே உங்கள எல்லாம் கெடுத்தது."

கேட்டேன். இரும்புப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன். போன் மூன்றாவது முறை மணி அடித்ததும் எடுத்தீர்கள். "சிஸ்டர், ரெண்டு மில்லிகிராம், நரம்புல, மெதுவா. அஞ்சு நிமிஷம் பொறுங்க. இருமச் சொல்லுங்க. வலிச்சா இன்னொரு ரெண்டு. எட்டத் தாண்டாதீங்க. பக்கத்துலயே உக்காந்து மூச்ச எண்ணுங்க." கையெழுத்து யார் போடுவது என்று கேட்டேன். "நான் போடறேன். நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றீர்கள். எழுதினேன்.

மூன்று தடவை இரண்டு. ஆறாவது மில்லிகிராமில் அவர் இருமினார். ஒரு கரண்டி சளி வந்தது. சாவெட்டா சிலுவை போட்டுக்கொண்டார். காஷு ரொட்டி கேட்டார். குடல் தைத்தவருக்கு ரொட்டி ஏது, உதட்டை நனைத்துவிட்டேன். சாயங்காலம் வரை மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையவில்லை. காலிக் குப்பியையும் மிச்சத்தையும் சினாயிதா முன்னிலையில் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி இயக்குநர் கத்தினார். டாக்டர் இல்லாமல் மார்பினா, இனி இந்த வார்டுக்கு ஒரு சொட்டு கிடையாது என்று உத்தரவு போட்டார். காஷுவுக்கு மறுபடியும் எங்கள் 'பொறுத்துக்கோங்க' மட்டும்தான் கிடைத்தது. இருமவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல். பதின்மூன்றாம் தேதி போய்விட்டார். நுரையீரல்.

இப்போது இயக்குநர் மார்பினால்தான் செத்தார் என்கிறார். லுப்பு டாக்டர், கோட்டுப் பையிலிருந்து சாவியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்கிறார். ஜூன் 27 விசாரணை. இருபத்தாறு வருட வேலை போகலாம், போலீசுக்கும் போகலாம் என்கிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே வரி. நான்தான் சொன்னேன் என்று எழுதுங்கள்.

அக்ரிபினா போஸ்தான்


2 ஜூன் 2008

மதிப்புக்குரிய சிஸ்டர் அக்ரிபினா,

உங்கள் நிலைமை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. போனை எடுக்காததற்கு மன்னிக்கவும். விசாரணை நடக்கும்போது பேசுவது உங்களுக்கே பாதகமாகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார்.

ஒன்றை நிதானமாக யோசியுங்கள். இந்தப் பயிற்சி ஆறு மாவட்டங்களில் நடக்கிறது. நூற்று நாற்பது நர்சுகள். இதற்கு அனுமதி வாங்க நான் ஐந்து வருடம் படி ஏறினேன். நர்ஸ் கையில் மார்பினைக் கொடுத்தால் நாடே கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்கள் அமைச்சகத்தில் இன்னும் இருக்கிறார்கள், ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்காத நோயாளிக்கு, டாக்டரே இல்லாத வார்டுக்கு, போனிலேயே மருந்து சொன்னாள் என்று தெரிந்தால் மறுநாளே எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அடுத்த வருடம் அந்த ஆறு மாவட்டத்திலும் வயிறு திறக்கப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். இதை என் சுயநலம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை போனால் நான் பேசுகிறேன். சம்பளம் அங்கே இருப்பதைவிட அதிகம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. குழு எனக்கு அனுப்பிய நகல்களில் காஷுவின் வலி அட்டையைப் பார்த்தேன். மே ஐந்து. காலை எட்டு, பன்னிரண்டு, மாலை நான்கு, இரவு எட்டு, எல்லாக் கட்டத்திலும் மூன்று. நீங்கள் சொல்லும் எட்டு எங்கேயும் இல்லை. மூன்று என்றால் மார்பினே தேவையில்லை. மருந்தை வேறெங்கோ கொண்டுபோய்விட்டீர்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் கையெழுத்துதான் அது. ஏன்?

ஒதீலியா செர்னேய்


6 ஜூன் 2008

டாக்டர் செர்னேய்,

கிளினிக் வேலைக்கு நன்றி. சம்பளம் அதிகம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வாயை அடைக்கும் ரொட்டியில் வெண்ணெயும் தடவித் தருகிற பெரிய மனசு.

வகுப்பின் மூன்றாம் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாளி ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்கள். ஒருத்தி கையை விட வேண்டும், பக்கத்தில் இருப்பவள் "பொறுத்துக்கோங்க, பொறுத்துக்கோங்க" என்று நாம் வார்டில் சொல்லும் அதே குரலில் சொல்ல வேண்டும். நான் ஒன்றரை நிமிடத்தில் கையை எடுத்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பதை இருபத்தாறு வருடத்தில் யாரும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. அன்று வீட்டுக்குப் போய், இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் பொறுத்துக்கோ என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்து அழுதேன். அதுவரை உங்களை எனக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து பிடித்தது.

கடைசி நாள் என்ன சொன்னீர்கள்? "நாட்டுல எத்தன பேருக்கு வலின்னு எண்ணாதீங்க. முன்னாடி படுத்திருக்கிற ஒரு முகத்தப் பாருங்க." இப்போது நீங்கள் நூற்று நாற்பது, ஆறு மாவட்டம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

காஷுவின் முகத்தை நான் பார்த்தேன். நான்தான் கடைசி வரை பார்த்தேன். பதின்மூன்றாம் தேதி காலையில் இரண்டு தலையணையை அணைத்துக்கொண்டு, மூச்சை நாய் மாதிரி சின்னச் சின்னதாக வாங்கிக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. சாவி இயக்குநரின் மேசையில் இருந்தது.

அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விடுங்கள். அது எங்கள் வார்டு விஷயம்.

போஸ்தான்


12 ஜூன் 2008

சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

பயிற்சியைப் பற்றி எழுதியது பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

அன்று எங்களுக்கும் கல்லறை ஈஸ்டர்தானே. அப்பாவின் கிராமத்தில் இருந்தேன். அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. அடுத்த கல்லறைக்காரர் அவருடைய தம்பியின் பேரில் ஒரு குவளை ஒயின் கொடுத்தார், எதிர்க் கல்லறைக்காரி அவள் புருஷன் பேரில் ஒன்று. மறுக்க முடியுமா? மூன்று குவளை குடித்தேன். நான்காகவும் இருக்கலாம், எண்ணவில்லை. போன் வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது, சாம்பிராணிப் புகை, பாதிரியார் பக்கத்து வரிசையில் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் "எட்டு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. என்ன அளவு சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

குழுவுக்கு எழுதிய அந்த மூன்று வரியில் கடைசி வரி உண்மை. நினைவில்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. இரண்டு, இரண்டு, இரண்டு, எட்டைத் தாண்டாதே. சரியான அளவு. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகவே சொல்லியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இருபது என்று சொல்லியிருந்தால்? நீங்கள் போட்டிருப்பீர்கள், நான் சொன்னேன் என்று. அவர் அன்றே போயிருப்பார். அதற்கு அப்புறம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். அளவைச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒயினைப் பற்றி அதில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. அதை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் குழுவிடம் கொடுங்கள். வேண்டாமென்றால் அடுப்பில் போடுங்கள். முடிவு உங்களுடையது.

ஒதீலியா


17 ஜூன் 2008

டாக்டரம்மா,

உங்கள் வாக்குமூலத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்புக் கலையாமல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் இருபது என்று சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேனாம். நான் என்ன மரக்கட்டையா? ஐந்து நாள் வகுப்பில் தூங்கினேன் என்று நினைத்தீர்களா? "டாக்டரம்மா, ரெண்டா இருபதா, சரியா சொல்லுங்க" என்று கேட்டிருப்பேன். அப்படியும் இருபது என்றால், அம்மா கொஞ்சம் ஏற்றியிருக்கிறார் என்று போனை வைத்துவிட்டு வகுப்பு நோட்டைப் புரட்டியிருப்பேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தது எனக்குள்ளே இருக்கிறது. அந்த ஒரு பயத்தையாவது விடுங்கள், தூங்குங்கள்.

நீங்கள் குடித்திருந்தது எனக்குக் கோபமாக இல்லை. அன்று குடிக்காதவர்கள் இந்த நாட்டில் செத்தவர்கள் மட்டும்தான். முடிவு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோபம். நான் கொண்டுபோய்க் கொடுத்தால், காலில் விழுந்து கெஞ்சி வாங்கிவந்த காகிதம் என்பார்கள். அதுவும் பாதி உண்மை எழுதிய காகிதம். உங்கள் சுமையை நனைத்து என் தலையில் ஏற்றாதீர்கள். சொல்ல வேண்டுமென்றால் வந்து சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்று எழுதுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாதி உண்மை என்று உங்களைக் குத்திவிட்டு நான் பேசாமல் இருந்தால் நியாயமில்லை. அட்டையைக் கேட்டீர்கள்.

அந்த நான்கு மூன்றையும் அன்று காலை எட்டு மணிக்கே எழுதினேன். ஒரே மூச்சில், ஒரே பேனாவில். காஷுவுக்கு மட்டுமல்ல, வார்டில் இருந்த பதினொரு பேருக்கும். பண்டிகை நாளில் எல்லா வார்டிலும் செய்வதுதான். நான்கைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. டாக்டரைக் கூப்பிட்டால் கத்துவார். அதனால் மூன்று. யாருக்கும் தொல்லை இல்லாத எண். பிப்ரவரியில் உங்கள் முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டிய அதே அக்ரிபினாதான் எழுதினாள். ஊசி போட்ட பிறகு மாற்றி எழுதியிருக்கலாம். அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததில் தோன்றவில்லை. அப்புறம் தோன்றியபோது அட்டை இயக்குநரிடம் போய்விட்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அக்ரிபினா


24 ஜூன் 2008

அன்புள்ள அக்ரிபினா சிஸ்டர்,

வெள்ளிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். உங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்குவேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாக என்று எழுதப் பேனா தயங்குகிறது. நேற்று என் கணவர், "நீ போய் சொன்னா அவங்க வேல தப்பிக்கும், உன் வேல போயிடும். கணக்கு அவ்வளவுதான். போறியா?" என்றார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அட்டையைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நான் பேசினால் போதும், டாக்டர் உத்தரவு இருந்தது என்று ஆகிவிடும். அட்டையை மறதி என்று தள்ளிவிடுவார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர் விழுந்தால் போதும்.

ஒதீலியா


10 அக்டோபர் 2008

அன்புள்ள சிஸ்டர்,

ஜூலையில் ஒன்று எழுதினேன், ஆகஸ்டில் ஒன்று. பதில் இல்லை. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எதற்குக் கோபம் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

விசாரணையில் நான் பேசி முடித்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று குவளை, நான்காகவும் இருக்கலாம் என்று சொன்னபோது தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது மட்டும் மனதில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, எப்படியும் அக்ரிபினா தப்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம்தான் சினாயிதாவிடமிருந்து தெரிந்தது. உங்களைத் தலைமை நர்ஸ் பதவியிலிருந்து இறக்கி, துணி அவிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்களாமே. ஏன்? நான் சொன்னது போதவில்லையா? நான் போன பிறகு அந்த அறையில் என்ன நடந்தது?

என் கதை சுருக்கம். ஒரு வருடம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையக் கூடாது. ஆவணக் காப்பறையில் பழைய கோப்புகளை அடுக்குகிறேன். வகுப்பை ஒரேயடியாக மூடவில்லை. மூன்று மாவட்டத்தில் மட்டும் வேறொருவர் எடுக்கிறார். என் படங்களைத்தான் காட்டுகிறார், என் பெயரை மட்டும் நீக்கிவிட்டார். வாளியை விட்டுவிட்டாராம். நர்சுகள் கையை ஈரமாக்குவது மரியாதைக் குறைவாம்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் ஒதீலியா


28 ஏப்ரல் 2009

அன்புள்ள டாக்டரம்மா,

உங்கள் மூன்று கடிதமும் வந்தன. துணி அவிக்கும் அறையில், அலமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருந்தேன். உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதினால் அதை நானே படிக்க வேண்டி வருமே, அதற்குத் துணிவில்லை. நேற்றுத்தான் துணிவு வந்தது. அதனால் இன்று எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே போனதும் தலைவர் என்னிடம் ரொம்ப இதமாகப் பேசினார். "டாக்டர் உத்தரவு இருந்திருக்கு. உங்க மேல குத்தமில்ல. இந்த அட்டை மட்டும்தான் இடிக்குது. அவசரத்துல திருத்த மறந்துட்டீங்க, அப்படித்தானே?" கதவைத் திறந்து வைத்து, குனியாமல் போங்கள் அம்மா என்று சொல்வது மாதிரி. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உங்களுடைய 'கெஞ்சிக் கேட்கிறேன்'கூட என் கைப்பையில் இருந்தது.

ஆனால் சாவெட்டா அங்கே மூலையில் உட்கார்ந்திருந்தார், கறுப்புத் துணி கட்டிக்கொண்டு. இப்போது எழுதப் போவதை உங்களிடம்கூட அப்போது மறைத்தேன். அவர் என்னிடம் முதல் முறை வந்தது ஒரு மணிக்கு இல்லை. காலை பத்து மணிக்கே வந்தார். "வலி தாங்கல போலிருக்கு சிஸ்டர்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அட்டையைப் பார்த்தேன். நானே இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எழுதி வைத்த மூன்று. அதைப் பார்த்து, "மூணுதாம்மா இருக்கு, பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றேன். என் பொய்யை நானே படித்து நானே நம்பினேன். அந்த மூன்று மணி நேரம் காஷு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

எழுந்து நின்று இதை அப்படியே சொன்னேன். சாவெட்டா எழுந்து போய்விட்டார். பதவியை எடுத்தார்கள், எடுக்கட்டும், எடுக்க வேண்டியதுதான். போலீஸ் இல்லை என்றார்கள். சாவி கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, ட்யூட்டி நர்ஸும் டாக்டரும் சேர்ந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டார்கள். மார்பின் தடையை எடுத்துவிட்டார்கள். அது நீங்கள் பேசியதால் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பத்து மாதம் சந்தையில் அக்ரூட் கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

மார்ச்சில் ஆள் குறைவு என்று மறுபடி வார்டுக்கே அனுப்பினார்கள், சாதாரண நர்ஸாக. சினாயிதா இப்போது தலைமை. என்னை அதட்டப் பழகிவிட்டாள், நன்றாகவே அதட்டுகிறாள்.

நேற்று கல்லறை ஈஸ்டர். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து அம்மாவின் கல்லறைக்குப் போனேன். திரும்பும்போது பின்னாலிருந்து, "சிஸ்டர்" என்று குரல். சாவெட்டா. கால் அப்படியே நின்றுவிட்டது.

"வா, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். காஷுவின் சிலுவை புது மரம், பெயர் கறுப்புப் பெயிண்டில்.

"பத்து மணிக்கு நீ எந்திரிச்சு வரல" என்றார். "ரெண்டு மணிக்கு கைநிறைய ரொட்டியோட மூச்சு வாங்க ஓடி வந்த. ரெண்டையும் நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்." பிறகு, "அன்னிக்கு சாயங்காலம் அவரு என்கிட்ட பேசினாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த ஒரு சாயங்காலந்தான் பேசினாரு. வீட்டுக் கூரைய மாத்தணும்னு சொன்னாரு. மாத்திட்டேன்."

நான் அழுதேன் டாக்டரம்மா. அவர் அழவில்லை. ஒரு வளைய ரொட்டியும் குவளையும் எடுத்து, தியோஃபில் ஆத்மாவுக்கு என்று என் கையில் வைத்தார். பிறகு இன்னொரு குவளையை எடுத்தார். யாருக்கு என்றேன்.

"குடிச்சிட்டு போன்ல பேசுனாளே, அந்த டாக்டருக்கு. பஸ் ஏறி வந்து ஊர் முன்னாடி சொன்னா இல்ல. குடுத்துடு."

இந்தக் கடிதத்தோடு பொட்டலமாக வருவது அதுதான். வைக்கோல் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரியுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதில் என்ன ஊற்றிக் குடிப்பது என்பது உங்கள் இஷ்டம். ஜூலையில் உங்கள் வருடம் முடிகிறது. மறுபடி வகுப்பு எடுத்தால் வாளியைக் கொண்டு வாருங்கள். ஐஸுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். நேற்றுக் காலை நடந்தது. லுப்பு டாக்டர் கல்லறைக்குப் போக முடியாமல் ட்யூட்டி அறையில் உட்கார்ந்து, ஊரையே சபித்துக்கொண்டு, ஈஸ்டருக்குச் சிவப்புச் சாயம் போட்ட முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஆறாம் கட்டிலில் ஒரு அம்மா, பித்தப்பை எடுத்தவர், முந்தின நாள் ஆபரேஷன். எத்தனை என்று கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாக யாருக்கும் தொல்லை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே மூன்று என்றார்.

தலையணையைக் கொடுத்து இருமச் சொன்னேன். அப்புறம் அட்டையில் ஏழு என்று எழுதிவிட்டு, லுப்பு டாக்டரைக் கூப்பிடப் போனேன். முட்டையோடு எழுந்து வந்தார். சாவி கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது.

உங்கள் அக்ரிபினா